கட்டத்தின் முகவரியும் நாளின் எண்ணும்

எண்ணும் எழுத்தும் மனிதனின் இரு கண்கள் எனப் போற்றிய மரபு தமிழ் மரபு. இன்று கணினித் திரையில் விரியும் விரிதாளிலும் எண்ணும் எழுத்தும் இணைந்தே தொழிற்படுகின்றன. ஆங்கே எழுத்தை எண்ணாகவும் நாளை எண்ணாகவும் மாற்றும் சிறிய கருவிகள் உண்டு. அவை செய்யும் பணி கண்ணுக்குப் புலப்படாது. பிழைத்தால் மட்டுமே புலப்படும். அக்கருவிகளின் உள்ளமைப்பையும் தேவையையும் இப்பாடம் விளக்குகிறது.

சிற்றூரில் பிறக்கும் மென்பொருள்

பொதிகை மலைத்தொடரின் அடியில், குற்றாலச் சாரல் வந்து தொடும் தொலைவில் அமைந்த நகரம் தென்காசி. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. தென்காசிக்கு அருகேயுள்ள மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் பணியகம் இயங்குகிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. எழுதுசெயலி, விரிதாள் முதலிய அலுவலக மென்பொருள்களை இணையவழியே உலக நாடுகளுக்கு வழங்கி வருகிறது. வயலும் தோப்பும் சூழ்ந்த ஊரிலிருந்தும் உலகிற்கான மென்பொருளை எழுத இயலும் என்பதற்கு இப்பணியகம் சான்று.

விரிதாள் என்பது கட்டங்களால் ஆன தாள். 1979இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவரும் உருவாக்கிய விசிகால்க் என்னும் மென்பொருள், தனிநபர் கணினிகளில் இவ்வகையைப் பரவச் செய்தது. 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்செல் என இதன் வழித்தோன்றல்கள் பெருகின. இன்று பள்ளியின் மதிப்பெண் பட்டியல், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, மருத்துவமனையின் நோயாளர் பதிவு, வானிலைக் குறிப்பு என யாவும் விரிதாளில் இடம்பெறுகின்றன.

விரிதாளை மனிதர் கண்ணால் படிக்கின்றனர். நிரல்களோ கணக்கால் படிக்கின்றன. ‘சி5’ என்று மனிதர் சொல்வதை, ‘மூன்றாம் நெடுவரிசை, ஐந்தாம் கிடைவரிசை’ என நிரல் புரிந்துகொள்ள வேண்டும். ‘22 நவம்பர் 2019’ என்று மனிதர் எழுதுவதை நிரல் ஓர் எண்ணாகக் கொள்ள வேண்டும். இவ்விரு மொழிகளுக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பவையே துணைச் செயற்கூறுகள். ஒரு நிரலின் முதன்மைப் பணிக்கு உதவியாக, ஒரே ஒரு சிறு வேலையை மட்டும் செய்யும் நிரல் துண்டே துணைச் செயற்கூறு எனப்படும்.

எழுத்து எண்ணாகும் முறை

விரிதாளின் கிடைவரிசைகள் 1, 2, 3 என எண்களால் குறிக்கப்படுகின்றன. நெடுவரிசைகளோ ஆங்கில நெடுங்கணக்கின் ஏ, பி, சி முதலிய எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. இருபத்தாறாம் எழுத்தாகிய இசட் முடிந்தபின் என் செய்வது? அடுத்த நெடுவரிசை ‘ஏ-ஏ’ எனவும், அதற்கடுத்தது ‘ஏ-பி’ எனவும் தொடரும். ‘இசட்-இசட்’ என்பது 702ஆம் நெடுவரிசை. அதன்பின் ‘ஏ-ஏ-ஏ’ என மூன்றெழுத்துப் பெயர்கள் தொடங்கும். இன்றைய எக்செல் தாளில் இறுதி நெடுவரிசையின் பெயர் ‘எக்ஸ்-எஃப்-டி’.

எழுத்தை எண்ணாக்கும் செயற்கூறு எளியது. அதன் படிகள் வருமாறு:

1. விடையைச் சுழி எனக் கொள்க.
2. பெயரின் இடப்பக்க எழுத்திலிருந்து தொடங்குக.
3. விடையை 26ஆல் பெருக்கி, அவ்வெழுத்தின் வரிசை எண்ணைக் கூட்டுக.
4. எழுத்துகள் தீரும்வரை மூன்றாம் படியைத் திரும்பச் செய்க.

‘எக்ஸ்-எஃப்-டி’ என்பதனை இம்முறையில் கணக்கிடுவோம். எக்ஸ் 24ஆம் எழுத்து. எஃப் 6ஆம் எழுத்து. டி 4ஆம் எழுத்து. முதலில் விடை 24. அதனை 26ஆல் பெருக்கி 6 கூட்ட, 630 ஆகும். மீண்டும் 26ஆல் பெருக்கி 4 கூட்ட, 16,384 ஆகும். எக்செல் தாளின் நெடுவரிசைகள் மொத்தம் 16,384 என்பது இதனால் பெறப்படும்.

எண்ணை எழுத்தாக்கும் எதிர்வழியில்தான் மாணவர் பலரும் தடுமாறுகின்றனர். எண்ணை 26ஆல் வகுத்து, மீதிக்குரிய எழுத்தை எழுதினால் போதும் என முதலில் தோன்றும். 28ஐ 26ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 2, ஆகவே ‘ஏ-பி’. விடை சரியே. ஆனால் 52ஐ 26ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 0. சுழிக்குரிய எழுத்து எது? அப்படி ஓர் எழுத்தே இல்லை. இவ்விடத்தில் செயற்கூறு தவறான பெயரைத் தரும். அல்லது செயலற்று நின்றுவிடும்.

இதற்குக் காரணம், இவ்வெழுத்து முறையில் சுழி இல்லாமையே. நாம் வழங்கும் பத்தடிமான முறையில் சுழி முதல் ஒன்பது வரை பத்துக் குறிகள் உள்ளன. நெடுவரிசைப் பெயர்களிலோ ஒன்று முதல் இருபத்தாறு வரை குறிகள் உள்ளன. சுழிக்குக் குறி இல்லை. தீர்வு எளியது: ஒவ்வொரு முறை வகுக்கும் முன்னரும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துவிட வேண்டும்.

1. எண்ணிலிருந்து 1 கழிக்க.
2. கிடைத்ததை 26ஆல் வகுக்க.
3. மீதி 0 எனில் ஏ, 1 எனில் பி, 25 எனில் இசட் என்ற முறையில் எழுத்தைத் தெரிந்து, பெயரின் இடப்பக்கம் சேர்க்க.
4. ஈவைப் புதிய எண்ணாகக் கொள்க. அது சுழியாகும்வரை முதற்படிக்குச் செல்க.

52இலிருந்து 1 கழிக்க 51. அதனை 26ஆல் வகுக்க ஈவு 1, மீதி 25, எழுத்து இசட். ஈவாகிய 1இலிருந்து 1 கழிக்க 0, மீதி 0, எழுத்து ஏ. ஈவு சுழியாயிற்று, பணி முடிந்தது. விடை ‘ஏ-இசட்’.

தெரிந்து தெளிவோம்

பழந்தமிழ் எண்முறையிலும் சுழிக்கெனத் தனிக்குறி வழங்கவில்லை. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தன. இருபதை ௨௰ என எழுதினர். அங்கே குறியே மதிப்பை உணர்த்தியது. விரிதாளின் நெடுவரிசைப் பெயரிலோ எழுத்து நிற்கும் இடம் மதிப்பை உணர்த்துகிறது. சுழி இன்றியும் எண்முறை இயங்கும் என்பதே இரண்டிற்கும் பொதுவான செய்தி.

ஒன்றா, சுழியா?

இன்னொரு நுட்பமும் உண்டு. விரிதாளில் முதற் கிடைவரிசையின் எண் 1. பல நிரல்மொழிகளிலோ பட்டியலின் முதல் உறுப்பின் எண் 0. ஆகவே தாளின் ‘ஏ1’ என்னும் கட்டம், நிரலுக்குள் ‘கிடைவரிசை 0, நெடுவரிசை 0’ என ஆகிறது. இவ்வேறுபாட்டை மறந்தால் ஒரு மாணவரின் மதிப்பெண் அடுத்த மாணவரின் பெயருக்கு எதிரே சென்று அமரும். நிரல் எப்பிழையையும் அறிவிக்காது. தாள் நிறைவாகவே காட்சியளிக்கும்.

இந்த ஒன்றைக் கூட்டுவதும் கழிப்பதும் நிரலின் நூறு இடங்களில் சிதறிக் கிடந்தால், எங்கோ ஓரிடத்தில் கூட்ட மறப்பது உறுதி. அதே வேலையை ஒரு செயற்கூற்றிடம் ஒப்படைத்து, மற்ற இடங்கள் யாவும் அதனையே அழைக்குமாறு அமைத்தால், சரிபார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஆகும். துணைச் செயற்கூற்றின் தலையாய பயன் இதுவே.

நாள் எண்ணாகும் முறை

இரு நாள்களுக்கு இடையே எத்தனை நாள்கள் உள்ளன என்று கணக்கிட முற்பட்டால், திங்கள்தோறும் மாறும் நாள்களும் மிகுநாள் ஆண்டும் குறுக்கிடும். இச்சிக்கலைத் தவிர்க்க விரிதாள் ஓர் உத்தியைக் கையாளுகிறது. ஒரு தொடக்க நாளைத் தேர்ந்து, அதிலிருந்து எத்தனையாவது நாள் என்னும் எண்ணை மட்டும் சேமிக்கிறது. திரையில் நாளாகத் தோன்றுவது உண்மையில் ஓர் எண்ணே.

தென்காசி மாவட்டம் தொடங்கப்பெற்ற 2019 நவம்பர் 22 என்பதனை எக்செல் 43,791 எனச் சேமிக்கும். அதனுடன் 30 கூட்டினால் முப்பது நாள் கழிந்த நாள் கிடைக்கும். நேரம், நாளின் பின்னமாகக் குறிக்கப்படும். நண்பகல் 0.5, காலை ஆறு மணி 0.25. ஆகவே 43,791.5 என்பது அந்நாளின் நண்பகல்.

எக்செலின் இக்கணக்கில் 1900 சனவரி 1 என்பது நாள் 1. அக்கணக்கினுள் புகழ்பெற்ற பிழை ஒன்று உறைந்துள்ளது. நான்கால் வகுபடும் ஆண்டு மிகுநாள் ஆண்டு; ஆயின் நூற்றாண்டாக இருப்பின் 400ஆல் வகுபட வேண்டும். இவ்விதிப்படி 2000 மிகுநாள் ஆண்டு, 1900 அன்று. லோட்டஸ் 1-2-3 மென்பொருளோ 1900ஐ மிகுநாள் ஆண்டாகக் கொண்டது. லோட்டஸில் எழுதப்பட்ட தாள்கள் எக்செலிலும் மாறாது இயங்கவேண்டும் என்பதற்காக, எக்செல் அப்பிழையை அறிந்தே ஏற்றுக்கொண்டது. ஆகவே இல்லாத நாளாகிய 1900 பிப்ரவரி 29க்கு நாள் எண் 60 இன்றும் அங்கே உள்ளது. இப்பிழையை ஈடுசெய்யவே, நிரல் எழுதுவோர் 1899 திசம்பர் 30ஐச் சுழியாகக் கொண்டு கணக்கிடுகின்றனர். அவ்வாறு கணக்கிட்டால் 1900 மார்ச் 1க்குப் பிந்திய நாள்கள் அனைத்தும் எக்செலோடு ஒத்துவரும்.

மாக்கின்டோஷ் கணினிகளுக்கான எக்செல் நெடுங்காலம் 1904ஐத் தொடக்கமாகக் கொண்டிருந்தது. இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு 1,462 நாள்கள். அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும். ஒரு முறையில் சேமித்த எண்ணை மறுமுறையில் படித்தால், பிறந்த நாள் யாவும் நான்கு ஆண்டு தள்ளிப்போகும்.

யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளோ 1970 சனவரி 1இலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. அந்நாளின் விரிதாள் எண் 25,569. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். ஆகவே விரிதாள் எண்ணை யுனிக்ஸ் விநாடியாக்க, 25,569ஐக் கழித்து 86,400ஆல் பெருக்க வேண்டும். 43,791இலிருந்து 25,569 கழிக்க 18,222. அதனை 86,400ஆல் பெருக்க 157,43,80,800. இரண்டே வரியில் அடங்கும் துணைச் செயற்கூறு இது.

ஆயின் இங்கும் ஒரு பொறி உண்டு. யுனிக்ஸ் கணக்கு உலகப் பொது நேரத்தைச் சார்ந்தது. இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. இந்தியாவில் நவம்பர் 22 பிறக்கும் நள்ளிரவில், உலகப் பொது நேரம் நவம்பர் 21 மாலை 6.30. ஐந்தரை மணியைக் கருதாமல் நேரப்பகுதியை வெட்டி நீக்கும் செயற்கூறு, நாளை ஒன்று குறைத்துவிடும். பள்ளிச் சேர்க்கையில் வயது வரம்பு ஒரு குறிப்பிட்ட நாளைக்கொண்டே முடிவு செய்யப்படுகிறது. எல்லையில் பிறந்த குழந்தைக்கு அந்த ஒரு நாள் ஓராண்டுக் கல்வியாகும்.

நாள்களை எண்ணிய நம் மரபு

தொடக்க நாள் ஒன்றிலிருந்து நாள்களை எண்ணி வருதல் கணினி கண்ட புதுமையன்று. நம் வாக்கியப் பஞ்சாங்க மரபில் கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களின் எண்ணிக்கையே கணிப்பிற்கு அடிப்படை. அதனை ‘அகர்கணம்’ என்பர். கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. ஜான் வாரன் என்னும் ஆங்கிலேயப் படைத்துறை அலுவலர் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில் தாம் கண்ட ஒன்றைப் பதிவு செய்துள்ளார். தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், சோழிகளைத் தரையில் பரப்பி, மனனம் செய்த வாய்பாடுகளைக்கொண்டு, சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துக் காட்டினார் என்பதே அது. அக்கணிதரின் முதற்படி, நாளை நாள் எண்ணாக மாற்றுதலே.

விரிதாள் எண்ணுக்கும் கலிநாள் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு மாறாத ஓர் எண், அது 18,26,553. 43,791உடன் இதனைக் கூட்ட 18,70,344 வரும். இவ்வெண் 7ஆல் மீதியின்றி வகுபடுகிறது. மீதியின்மையால், கலியுகம் தொடங்கிய கிழமையே அந்நாளின் கிழமையும் ஆகும். 2019 நவம்பர் 22 வெள்ளிக்கிழமையே. இரு வேறு மரபுகளில் பிறந்த இரு கணக்குகள் ஒன்றையொன்று சரிபார்க்கும் அழகு இதில் விளங்கும்.

ஆண்டு முறைகளை மாற்றும் தேவையும் இப்பகுதிக்குப் புதியதன்று. தென்காசிக்கு அண்மையில் உள்ள செங்கோட்டை, திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பில் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருவிதாங்கூர் அரசின் ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வழங்கிற்று. தென்காசியோ திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்து, ஆங்கில ஆண்டை வழங்கிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சில கல் தொலைவில் இரு நாள்காட்டிகள் நடைமுறையில் இருந்தன.

கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்கியது. ஆண்டுப் பிறப்பு ஆவணி முதல் நாளில் நிகழும். ஆகவே ஆவணி முதல் நாளிலிருந்து திசம்பர் இறுதிவரை கொல்லம் ஆண்டுடன் 824 கூட்ட வேண்டும். சனவரி முதல் ஆடி இறுதிவரை 825 கூட்ட வேண்டும். இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகத்து 15, ஆடித் திங்களின் இறுதியில் அமைந்தது. கொல்லம் ஆண்டு 1122. அதனுடன் 825 கூட்ட 1947. இரண்டு நாள் கழித்து ஆவணி பிறந்தபோது கொல்லம் ஆண்டு 1123 ஆயிற்று. அதனுடன் 824 கூட்டினாலும் 1947. எப்போதும் 825 கூட்டும் செயற்கூறு, ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரையிலான ஆவணங்கள் அனைத்திற்கும் ஓராண்டு பிழையான விடையைத் தரும். நிலவுரிமை வழக்கில் அவ்வோராண்டு யார் முதலில் பத்திரம் பெற்றார் என்பதையே மாற்றிவிடக்கூடும்.

அருவிக்கரையில் ஒரு பதிவேடு

குற்றாலத்தில் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின் சாரல் காலம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகியவற்றில் நீர்வரத்து நாள்தோறும் மாறும். வெள்ளம் பெருகும் நாளில் குளிக்கத் தடை விதிக்கப்படும். பள்ளி மாணவர் குழு ஒன்று அந்த நான்கு திங்களும் நாளுக்கொரு வரியாகப் பேரருவியின் நிலையைப் பதிவதாகக் கொள்வோம். மொத்தம் 122 நாள்கள். நாளை அவர்கள் நம் வழக்கப்படி நாள், திங்கள், ஆண்டு என்னும் வரிசையில் ‘07/08/2023’ என எழுதுகின்றனர். ஆனால் அவர்கள் கோப்பைத் திறக்கும் கணினி அமெரிக்க வழக்கத்திற்கு அமைந்தது. திங்களை முதலில் படிக்கும்.

நிகழ்வது என்ன? ‘07/08/2023’ ஆகத்து 7 அன்று. சூலை 8 எனப் படிக்கப்படும். ‘13/08/2023’ என்பதில் பதின்மூன்றாம் திங்கள் இல்லாமையால், கணினி அதனை நாளாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். 122 நாள்களில் 74 நாள்கள் இவ்வாறு எழுத்தாகவே நிற்கும். 44 நாள்கள் வேறு நாள்களாக உருமாறும். நாளும் திங்களும் ஒரே எண்ணாக அமைந்த 4 நாள்கள் மட்டுமே சரியாக இருக்கும்.

இப்போது ‘சூலையில் எத்தனை நாள் தடை இருந்தது?’ என்று வினவினால், கணினி நான்கு வரிகளை மட்டும் எடுத்து ஆராயும். அவை சூன் 7, சூலை 7, ஆகத்து 7, செப்டம்பர் 7 ஆகிய நாள்களின் பதிவுகள். அவற்றுள் சூலைக்குரியது ஒன்றே. கணினி தயங்காமல் ஒரு விடையைத் தரும், அவ்விடை பொய். வெள்ளம் வரும் நாள்களை முன்னுணர்ந்து பயணியரைக் காக்க இப்பதிவேட்டை ஒருவர் நம்பினால், நேரும் தீங்கு சிறிதன்று.

இதனைத் தவிர்க்கும் துணைச் செயற்கூறு மூன்று கடமைகளைச் செய்ய வேண்டும். முதலாவது, எழுதப்பட்ட வரிசை எது என்பதனை ஊகிக்காமல், அழைப்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும். இரண்டாவது, பிப்ரவரி 31 போன்ற இல்லாத நாள் வந்தால் ஏற்காது மறுத்து அறிவிக்க வேண்டும். மூன்றாவது, விடையை ஆண்டு, திங்கள், நாள் என்னும் வரிசையில் ‘2023-08-07’ எனத் தர வேண்டும். இதுவே 1988இல் முதலில் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகத் தரநிலை. இவ்வரிசையில் எழுதினால் குழப்பத்திற்கு இடமில்லை. அகரவரிசைப்படி அடுக்கினாலும் கால வரிசையிலேயே அமையும். ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுதலும் இன்றியமையாதது. ‘29’ என்று மட்டும் எழுதினால், 1929இல் பிறந்த முதியவரை 2029இல் பிறக்க இருப்பவராகச் சில மென்பொருள்கள் கொண்டுவிடும்.

உலகம் கற்ற பாடங்கள்

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. மனித மரபணுக்கள் சிலவற்றின் குறியீடுகள் ‘செப்ட்2’, ‘மார்ச்1’ என்பன போல் அமைந்திருந்தன. இவற்றை விரிதாளில் இட்டதும், எக்செல் அவற்றைச் செப்டம்பர் 2, மார்ச் 1 என நாள்களாக மாற்றியது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருந்ததைக் காட்டியது. இறுதியில் 2020இல் மரபணுப் பெயர்க் குழு அக்குறியீடுகளையே ‘செப்டின்2’, ‘மார்ச்எஃப்1’ என மாற்றி அமைத்தது. மென்பொருளின் ஊகத்திற்கு அறிவியலே வழிவிட நேர்ந்தது.

அதே 2020இல் இங்கிலாந்தில் நேர்ந்தது இன்னும் கொடிது. கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் பதிவுகள், செப்டம்பர் இறுதி வாரத்தில் அரசின் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வகங்கள் அனுப்பிய தரவு, பழைய எக்செல் கோப்பு வகையில் ஏற்றப்பட்டதே காரணம். அவ்வகைக் கோப்பின் தாளில் 65,536 கிடைவரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிகுந்த வரிகள் ஓசையின்றி உதிர்ந்தன. அந்நோயாளர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் காலந்தாழ்ந்தது. இன்றைய தாளின் எல்லை 10,48,576 வரிசைகள். எல்லை எதுவாயினும், முகவரியை உருவாக்கும் செயற்கூறு ‘இவ்வரிசை தாளுக்குள் உள்ளதா?’ என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இல்லையெனில் உரத்த குரலில் பிழையை அறிவித்திருக்க வேண்டும்.

நல்ல செயற்கூற்றின் இலக்கணம்

இதுகாறும் கண்டவற்றிலிருந்து நல்ல துணைச் செயற்கூற்றின் இயல்புகளைத் தொகுக்கலாம். அது ஒரு வேலையை மட்டும் செய்யும். அதன் பெயரே அதன் பணியை உணர்த்தும். தன்னிடம் வரும் மதிப்பைச் சோதித்தபின்பே ஏற்கும். ஐயம் நேரின் ஊகிக்காது, அறிவிக்கும்.

அதனைச் சோதிக்கும் முறையும் அறியத்தக்கது. இடைப்பட்ட மதிப்புகளில் பிழை அரிதாகவே தோன்றும், எல்லைகளில்தான் தோன்றும். ஆகவே நெடுவரிசைச் செயற்கூற்றை 1, 26, 27, 52, 702, 703, 16,384 ஆகிய எண்களால் சோதிக்க வேண்டும். நாள் செயற்கூற்றைத் திசம்பர் 31, சனவரி 1, பிப்ரவரி 28, மிகுநாள் ஆண்டின் பிப்ரவரி 29, மார்ச் 1 ஆகியவற்றால் சோதிக்க வேண்டும். இருவழிச் சோதனை அதனினும் சிறந்தது. எண்ணை எழுத்தாக்கி, அவ்வெழுத்தை மீண்டும் எண்ணாக்கினால், புறப்பட்ட எண்ணே வரவேண்டும். ஒன்று முதல் 16,384 வரை இவ்வாறு சோதிக்கக் கணினிக்கு நொடிப்பொழுது போதும்.

நிரலை எழுதுபவர் ஒருவர். பல ஆண்டுகள் கழித்து அதனைத் திருத்துபவர் வேறொருவர். ‘25,569’ என்னும் எண்ணைக் காரணம் கூறாது விட்டுச் சென்றால், பின்வருபவர் அதனைப் பிழையெனக் கருதி நீக்கவும் கூடும். ‘இது 1970 சனவரி 1இன் நாள் எண்’ என ஒரு வரி எழுதி வைத்தால், எழுதியவர் இல்லாதபோதும் அவ்வரி வழிகாட்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் கோயிலுக்குக் குறை நேரின் அதனைச் சீர்செய்வோரைத் தான் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். தான் கட்டியது என்றும் குறையாது எனச் செருக்குறாமல், சீர்செய்ய வருவோரை எண்ணிப் பார்த்த அம்மன்னனின் பண்பு, கட்டடக் கலைக்கு மட்டுமன்றி நிரற்கலைக்கும் உரியது.

கற்பவை கற்றபின்

1. 731ஆம் நெடுவரிசையின் பெயரை, பாடத்தில் கண்ட படிகளைப் பின்பற்றிக் கண்டறிக. கிடைத்த பெயரை மீண்டும் எண்ணாக்கிச் சரிபார்க்க.
2. உங்கள் பிறந்த நாளின் விரிதாள் எண்ணைக் கண்டு, அதனைக் கலிநாள் எண்ணாக மாற்றி, 7ஆல் வகுத்துப் பிறந்த கிழமையை உறுதி செய்க. (மீதி 0 எனில் வெள்ளி, 1 எனில் சனி.)
3. உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள பழைய ஆவணம், திருமண அழைப்பிதழ், கல்வெட்டு ஆகியவற்றில் கொல்லம் ஆண்டு இடம்பெற்றிருப்பின், அதனை ஆங்கில ஆண்டாக மாற்றி, மாற்றிய முறையை விளக்கி எழுதுக.
4. ‘பிழையை அறிவித்து நிற்கும் கருவி, பிழையான விடையைத் தரும் கருவியினும் மேலானது’ – பாடத்தில் வந்துள்ள நிகழ்வுகளைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.